முகத்திரையின் சாஸ்திரம்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில், சீனக்களிமண்ணையும் பெல்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் நிறுத்துக் கலந்து ‘பால்மில்’ என்னும் அரவை உருளைக்குள் கொட்டுகிற கொட்டகையின் வாசலில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்கள், அங்கே ஆண்கள் தோளில் கிடந்த துண்டையும், காய்ந்த வார்ப்புகளின் விளிம்பைச் சுரண்டிச் சீராக்கும் பெண்கள் புடவைத் தலைப்பையும் மூக்கோடும் வாயோடும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பின்புறம் செருகியிருப்பதைக் காண்பார்கள். வேலை முடிந்து அந்தத் துணியை அவிழ்க்கும்போது, நெற்றியும் கன்னமும் வெளுத்திருப்பதில் வியப்பொன்றும் இல்லை. துணி மூடியிருந்த இடத்துக்குள்ளேயே, மூக்குத் துவாரங்களின் ஓரமாக, மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று படிந்திருக்கிறதே, அதுதான் கவனிக்கத் தக்க விஷயம். இரண்டு சுற்றுத் துணியைத் தாண்டி அந்தத் தூள் எந்த வழியாக உள்ளே போயிற்று என்ற கேள்விக்கு விடை கண்டுவிட்டால், முகத்தை மூடுவது பற்றிய சாஸ்திரத்தில் பாதி விளங்கிவிடும்.

மற்றப் பாதிக்கு நாம் சற்றே அப்பால், நெய்வேலிப் பக்கம் போக வேண்டும். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில்தான் பீங்கான் தொழிலுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண்ணும் கலந்து கிடக்கிறது; அந்தச் சுரங்கத்தை விரிப்பதற்காக நிலம் எடுக்கப்பட்டதில் எழுந்த மனக்கசப்பு, 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், வளையமாதேவி கிராமத்து வயல்களில் பயிர் நின்றுகொண்டிருக்கும்போதே கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதும் பெருங் கோபமாக மாறிற்று. ஜூலை 28-ஆம் தேதி நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகைப் போராட்டம் கல்வீச்சாகத் திரும்ப, போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டுகளையும் தண்ணீர்ப் பீரங்கியையும் பிரயோகித்தார்கள். வானத்தை நோக்கிச் சுடவும் செய்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்படிப்பட்ட தருணத்தில், கல்லெடுத்தவன், கோஷம் போட்டவன், கடைக்குச் சாமான் வாங்க வந்து அகப்பட்டுக்கொண்டவன் ஆகிய எல்லோருடைய கையும் முதலில் போகிற இடம் தோளில் கிடக்கும் அந்தத் துண்டுதான் என்பதே நமக்கு முக்கியம்.

இப்படி மூடிக்கொள்பவர் அந்தத் துணியிடம் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறார்: தம்முடைய மூச்சைப் புகையிலிருந்து காக்க வேண்டும், தம்முடைய முகத்தைக் காமிராவிலிருந்து மறைக்க வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு நியதிகளுக்கு உட்பட்டவை. முன்னது தூளும் காற்றும் சம்பந்தப்பட்ட பௌதிகம். பின்னது ஒளியும் கணக்கும் சம்பந்தப்பட்ட வித்தை. ஒன்றுக்கு உதவும் திரை மற்றொன்றுக்கு உதவும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

முதலில் மூச்சை எடுத்துக்கொள்வோம். சாதாரணப் பருத்தித் துண்டில் இழைக்கும் இழைக்கும் நடுவே உள்ள இடைவெளி, மைக்ரான் கணக்கில் பல பத்துகள் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரிகிற பெருந்தூள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். நுரையீரலின் கடைசி அறைகள் வரை போய் உட்கார்ந்து, சிலிக்கோசிஸ் என்னும் தீராத வியாதியை வருஷக்கணக்கில் வளர்க்கும் குவார்ட்ஸ் தூளோ, பெரும்பாலும் 4, 5 மைக்ரானுக்கும் குறைவானது. அதனைக் கண் காணாது. ஆகவே துண்டில் வெள்ளையாகப் படிந்திருக்கும் தூளைக் கண்டு, ‘இத்தனையையும் துணி தடுத்துவிட்டதே’ என்று திருப்தியடைவது, தீமை குறைந்ததைப் பிடித்துக்கொண்டு தீமை மிகுந்ததை உள்ளே அனுப்பியதற்காகத் துணியைப் பாராட்டுவதாகும்.

அப்படியானால் இடைவெளி இன்னும் சிறிதாக உள்ள துணியை நெய்துவிட்டால் போதாதா என்று தோன்றலாம். நல்ல வடிகட்டி அப்படிச் சல்லடை முறையில் வேலை செய்வதில்லை என்பதுதான் இவ்விஷயத்தில் உள்ள சுவாரஸ்யம். ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கும் மெல்லிய இழைகளின் ஊடே காற்று வளைந்து வளைந்து செல்லும்போது, கனமான துகள் தன் வேகத்தினால் வளைய முடியாமல் நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. நடுத்தரமானது காற்றோடு வளைந்தாலும் இழையை உரசிக்கொண்டு போவதனால் சிக்குகிறது. மிக நுண்ணியதோ காற்று மூலக்கூறுகளின் மோதலுக்கு ஆட்பட்டு இங்குமங்கும் தடுமாறி, எங்காவது ஓர் இழையில் முட்டி நின்றுவிடுகிறது. இம்மூன்றுக்கும் தப்பிப் போகக் கூடியது, மோதுவதற்குப் போதிய கனமும் தடுமாறுவதற்குப் போதிய நுண்மையும் இல்லாத, சுமார் 0.3 மைக்ரான் அளவுத் துகள்தான். அதனால்தான் முகக்கவசங்களை அந்த அளவுத் துகளைக் கொண்டே பரீட்சிக்கிறார்கள். என்-95 என்ற கவசம் அதில் 95 சதவீதத்தையாவது தடுத்தாக வேண்டும். உருக்கி ஊதிய பிளாஸ்டிக் இழைகளில் நிரந்தரமான மின்னேற்றத்தைப் பொதிந்து வைத்து, துகள்களை அம்மின்சாரமே இழுத்துப் பிடிக்கும்படி செய்த உபாயத்தினால்தான், மூச்சுத் திணறாத மெல்லிய கவசத்தில் இத்தனை காவல் சாத்தியமாயிற்று. தைவானில் பிறந்து அமெரிக்காவில் டென்னஸீ சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்த பீட்டர் சாய் என்பவருக்கு இதில் பெரும் பங்கு உண்டு. சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்னேற்றம் போய்விடும். பிறகு அது வெறுந் துணி.

இனி அந்த வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். காற்று எப்பொழுதும் எதிர்ப்புக் குறைந்த வழியையே நாடும். துணியைத் தடிப்பாக மடிக்க மடிக்க அதன் ஊடே மூச்சிழுப்பது சிரமமாகிறது. சிரமம் ஏற ஏற, மூக்குத் தண்டின் இருபுறமும் கன்னத்தின் ஓரமும் திறந்து கிடக்கும் சந்துகளின் வழியாகக் காற்று தாராளமாக உள்ளே வருகிறது. தூளும் அதனோடு வருகிறது. துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டால் நல்லது என்று சொல்லும் பழக்கத்துக்கும் இதுவே பதில். ஈரத் துணி தன் ஊடே செல்லும் தூளைச் சற்று அதிகமாகப் பிடிக்கும் என்பது மெய்தான். ஆனால் தன் ஊடே செல்லும் காற்றையே அது குறைத்துவிடுகிறது. விளிம்பு முகத்தோடு ஒட்டாத எந்தக் கவசமும் பாதிக் கவசமே. தாடி வைத்திருப்பவர்க்கு என்-95 கூடப் பூரணப் பலன் தராது.

இந்தப் பாடத்தை உலகத்துக்குப் பெரிய அளவில் கற்பித்தவர், நம்மவர் பலர் குடியேறிய பினாங்கில் 1879-இல் பிறந்த சீன வைத்தியர் வூ லியென்-டே. 1910-11-இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பஞ்சை மெல்லிய துணி அடுக்குகளுக்குள் வைத்து, தலையைச் சுற்றி இறுகக் கட்டும்படியான கவசத்தை அவர் வகுத்துக் கொடுத்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்த பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. கவசமின்றியே நோயாளிகளைப் பார்த்தார், சில நாட்களில் அந்நோயாலேயே மாண்டார். அதன்பிறகு மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்தில் கவசத்தைக் குறைத்துப் பேச ஆளில்லை.

இனி நெய்வேலியில் கண்ட புகைக்கு வருவோம். கண்ணீர்ப்புகை என்கிறோமே, அது புகையுமன்று, வாயுவுமன்று. 1928-இல் பென் கார்சன், ரோஜர் ஸ்டௌட்டன் என்ற இரு அமெரிக்கர்கள் தயாரித்த சி.எஸ். என்னும் பொருள், சாதாரண வெப்பநிலையில் வெண்மையான படிகத் தூளாகவே இருக்கிறது. குண்டுக்குள் எரியும் மருந்தின் சூட்டில் அது ஆவியாகி, வெளிக்காற்றில் பட்டதும் மறுபடி உறைந்து, மிக நுண்ணிய தூளாகக் காற்றில் மிதக்கிறது. இந்தியாவில் இக்குண்டுகளைச் செய்வதற்கென்றே எல்லைப் பாதுகாப்புப் படை குவாலியருக்கு அருகில் தேகன்பூரில் 1976-இல் ஒரு தொழிற்கூடம் அமைத்தது. தூளின் வேலை எப்படி நடக்கிறதென்றால், நம் கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள நரம்பு முனைகளில், ‘டி.ஆர்.பி.ஏ.1’ என்று பெயரிடப்பட்ட புரதக் கதவு ஒன்று இருக்கிறது. கடுகை அரைத்து முகர்ந்தால் சுரீரென்று மூக்கில் ஏறும் காரத்தை உணர்த்துவது அக்கதவுதான், சி.எஸ். தூள் திறப்பதும் அதே கதவைத்தான். மிளகாய் வற்றல் வறுக்கும் நெடிக்குத் திறப்பது அதன் உறவான வேறொரு கதவு. மிளகாய்ச் சத்திலிருந்து செய்த தூவல்களும் அதையே தாக்குகின்றன. அந்த இரண்டாவது கதவைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. யுத்தகளத்தில் எதிரியின் மேல் கண்ணீர்ப்புகையைப் பிரயோகிக்கலாகாது என்று 1993-ஆம் ஆண்டு ரசாயன ஆயுத ஒப்பந்தம் தடுக்கிறது. சொந்தத் தேசத்துக் கூட்டத்தின் மேல் பிரயோகிப்பதை அதே ஒப்பந்தம் அனுமதிக்கிறது. இந்த விசித்திரத்துக்கு ராஜதந்திரிகள்தான் சமாதானம் சொல்ல வேண்டும்.

இத்தகைய தூளுக்கு எதிரே துண்டு என்ன செய்யும்? சில நிமிஷம் பெரிய துகள்களைத் தடுக்கும். பிறகு துணியே தூளால் நிறைந்து, அந்தத் தூளை மூக்கோடும் வாயோடும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் பையாகிவிடும். புளிக்காடியில் நனைத்த துணி புகையை முறிக்கும் என்று பல தேசங்களில் நம்புகிறார்கள். ஆனால் சி.எஸ். தண்ணீரில் மெல்லச் சிதைவது, காரத்தன்மை ஏறினால் விரைவது ஆகிய ரசாயன உண்மைகளை வைத்துப் பார்த்தால், புளிப்பைச் சேர்ப்பது நேர் எதிரான யோசனை. துண்டு கண்ணை மூடுவதில்லை என்பதை யாரும் நினைப்பதில்லை. கண்ணீர்ப்புகை முதலில் செயலிழக்கச் செய்வது கண்ணைத்தான். காற்றுப் புகாத நீச்சல் கண்ணாடி அங்கே துண்டைவிட எவ்வளவோ மேல். கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதே புத்தி. தூள் அதன் அடியில் தங்கிவிடும்.

தூளையும் ஆவியையும் சேர்த்துத் தடுப்பது, வடிகட்டியோடு கரி அடைத்த முழு முகக்கவசம் ஒன்றே. 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்து ஈப்ர நகரத்தருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டபோது, எதிர்ப்பக்கத்துச் சிப்பாய்களிடம் கவசம் எதுவும் இல்லை; அவசரத்துக்கு நனைத்துக்கொண்ட துணிகளே அவர்களுக்குக் காவல். அந்த யுத்தம் முடிவதற்குள் கரிக் கவசம் எங்கும் பரவிவிட்டது. அதற்கு உகந்த கரி தேங்காய்ச் சிரட்டையிலிருந்து கிடைப்பது என்று கண்டார்கள். சிரட்டை போதாமல் அமெரிக்காவில் 1918-இல் பழக்கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் ஜனங்களிடம் கேட்டு வாங்கினார்கள். பதப்படுத்திய கரி ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் உட்பரப்பையெல்லாம் விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். அதாவது கால் ஏக்கர். இந்தக் கரியைத் தமிழ்நாடும் இலங்கையும் இன்று உலகத்துக்கு ஏற்றுமதி செய்கின்றன.

அகப்பட்டுக்கொண்டவருக்குச் சொல்லக் கூடியது சுருக்கமானது. காற்று வரும் திசையை நோக்கி விலகுங்கள். தூள் தாழ்வான இடத்தில் தங்குமாதலால் மேட்டுக்குப் போங்கள். கண்ணைக் கசக்காமல் நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். உடுத்தியிருந்த துணியை மாற்றுங்கள். பால், ஜெலுசில் போன்ற மருந்துக் கரைசல், குழந்தைகளுக்கான ஷாம்பு ஆகியவற்றை மிளகாய்த் தூவலுக்கு எதிராகத் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பரீட்சித்தபோது, தண்ணீரைவிட எதுவும் சிறந்ததாகத் தெரியவில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சு சரியாகாவிட்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடையாளத்தை மறைக்கும் விஷயத்தில், நம் எதிரே நிற்பது காற்றன்று, கணக்கு. 2001-இல் வயோலா, ஜோன்ஸ் என்ற இருவர் வகுத்த முறையில், இயந்திரம் படத்தில் இருளும் ஒளியும் அடுத்தடுத்து வரும் கட்டங்களைத் தேடிற்று. கண்குழி கன்னத்தைவிட இருண்டிருக்கும், மூக்குத் தண்டு இருபுறக் கண்களைவிடப் பளிச்சென்றிருக்கும் என்பன போன்ற சிறு உண்மைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி, ‘இது முகம்’ என்று அது தீர்மானித்தது. முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோணல் பட்டைகளைத் தீட்டியும், மயிரைக் கண்மேல் விழவிட்டும் அந்த இயந்திரத்தை ஏமாற்றலாம் என்று 2010-இல் ஆடம் ஹார்வி என்ற கலைஞர் நிரூபித்துக் காட்டினார். அந்த வித்தை அந்த இயந்திரத்தோடு காலாவதியாயிற்று. இன்றைய நரம்புவலைக் கணிப்பொறிகள் கண், மூக்கு, வாயோரம் ஆகிய புள்ளிகளைக் கண்டு முகத்தை நேராக்கி, அதைச் சில நூறு எண்களின் வரிசையாக மாற்றிவிடுகின்றன. இரண்டு வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் இருவரும் ஒருவரே என்று சொல்கின்றன. பட்டை தீட்டிய முகத்தை ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இயந்திரமோ பொருட்படுத்தாது.

மூக்கும் வாயும் மறைந்தால் என்ன ஆகும் என்பதை, கோவிட் காலத்தில் அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனம் அளந்து 2020 ஜூலையில் வெளியிட்டது. அது சோதித்த 89 முறைகளில், கவசமில்லாத முகத்தில் ஆயிரத்துக்கு மூன்று தவறு செய்த மிகச் சிறந்தவை, கவசமிட்ட முகத்தில் நூற்றுக்கு ஐந்து தவறு செய்தன. மற்றவற்றில் பல நூற்றுக்கு 20 முதல் 50 வரை தவறின. மூக்கு எவ்வளவு மறைகிறதோ அவ்வளவு தவறு கூடிற்று. முகத்தின் அகலம் முழுவதும் பரவிய கவசம் உருண்டைக் கவசத்தைவிட இயந்திரத்தை அதிகம் குழப்பிற்று. நீலத்தைவிடக் கறுப்பு அதிகம் குழப்பிற்று. ஆனால் இவை கவசத்துக்குப் பழகாத இயந்திரங்கள். உலகமே முகத்தை மூடிக்கொண்டு படமெடுத்துக்கொண்ட அந்த இரண்டு வருஷங்களில் பயிற்சிக்கு வேண்டிய படங்கள் குவிந்தன. கண்ணும் புருவமும் நெற்றியும் மட்டுமே கொண்டு ஆளைச் சொல்லும் திறன் வெகு விரைவில் முன்னேறிவிட்டது. வாயை மட்டும் மறைக்கும் துண்டு இன்று திரையாகாது. அகன்ற விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்குத் தண்டின் உச்சி வரை ஏறிய துணி ஆகியவை ஒன்றுசேர்ந்தால் இயந்திரத்தின் நிச்சயம் குறையும். உயரத்தில் இருக்கும் காமிராவுக்கு, 2014-இல் ஹாங்காங் போராட்டத்தில் இளைஞர்கள் பிடித்த சாதாரணக் குடையே நல்ல மறைப்பு. மிளகாய்த் தூவலுக்கும் அதுவே கேடயமாயிற்று.

இதெல்லாம் தூரத்து ஊர்க் கதையன்று. தமிழ்நாட்டுப் போலீசின் முக அடையாள மென்பொருள் 2021-இல் தொடங்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அன்னியர் அதன் தளத்துக்குள் நுழைந்துவிட்டதைப் போலீசாரே ஒப்புக்கொண்டார்கள். டில்லிக் கலவரத்தில் இத்தகைய மென்பொருளால் 1,100-க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டதாக, வாக்காளர் அட்டைப் படங்களும் லைசென்ஸ் படங்களும் அதற்கு உதவியதாக, 2020 மார்ச்சில் உள்துறை மந்திரி லோக்சபையில் அறிவித்தார். 80 சதவீத ஒற்றுமை இருந்தாலே பொருத்தம் என்று டில்லிப் போலீசார் கொள்வது தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில் தெரிந்தது. கலவரம் செய்தவன் பிடிபடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்லெறிவதற்காக முகத்தை மூடுபவனுக்கு இக்கட்டுரையில் ஆறுதலும் இல்லை. அமைதியாகக் கோஷமிட்டுவிட்டு வீடு திரும்பிய ஒருவன், தன்னைப் போன்ற சாயலுடைய இன்னொருவனுக்காகப் பதில் சொல்ல நேரும் அந்த மிச்ச 20 சதவீதம்தான் எனக்குச் சம்மதமில்லை.

அரசாங்கங்களுக்கு முகத்திரையின் மேல் உள்ள ஐயம் புதிதன்று. நியூயார்க் மாகாணத்தில் குத்தகை கொடுக்க மறுத்த குடியானவர்கள், ஆட்டுத்தோல் முகமூடியும் அச்சடித்த சீட்டித் துணி அங்கியும் அணிந்து வந்து அமீனாக்களை விரட்டியதன் விளைவாக, 1845-இல் அங்கே முகமூடித் தடைச் சட்டம் பிறந்தது. கோவிட் வந்த 2020-இல்தான் அது நீங்கிற்று. ஜெர்மனி 1985-இல் ஊர்வலங்களில் முகம் மூடுவதைக் குற்றமாக்கிற்று. ஹாங்காங் 2019 அக்டோபரில் தடுத்து, அடுத்த வருஷமே நோய்க்குப் பயந்து எல்லோரும் மூட வேண்டும் என்றது. மூடாதவருக்கு 200 ரூபாய் அபராதம் என்று நம் சர்க்காரும் அந்த 2020-இல் விதித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

எவ்வளவு திறமையாக மூடினாலும், ஒருவரை அவருடைய முகம் மட்டுமே காட்டிக்கொடுப்பதில்லை. சட்டையின் நிறம், செருப்பு, கையில் குத்திய பச்சை, நடை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டைப் பையில் ஓயாமல் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கும் கைப்பேசி, இவையெல்லாம் சாட்சிகள். பெரும்பாலான படங்கள் போலீஸ் காமிராவிலிருந்து வருவதும் இல்லை. பக்கத்தில் நின்ற தோழர் உற்சாகத்தில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட படமே போதும். ஆகையால் போராட்டக் களத்தில் படமெடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிறர் முகம் தெரியும் படத்தை அவர்கள் சம்மதமின்றி வெளியிடாதீர்கள். மறைப்பதானால் மங்கலாக்கியோ கட்டம் கட்டமாக்கியோ விடாதீர்கள்; அப்படி மங்கலாக்கிய முகங்களையும் நரம்புவலைக் கணிப்பொறி அடையாளம் காணும் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2016-லேயே காட்டிவிட்டார்கள். முகத்தின் மேல் முழுக் கறுப்புக் கட்டம் ஒன்றை வைத்து, அந்தக் கைப்பேசித் திரையை மறுபடி படமெடுத்து, அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்கள்.